மெர்சி எழுதிக் கொடுத்தது

தேர்வாய் கண்டிகைக் கம்பெனி பஸ் காலை ஐந்தே காலுக்குக் காலனி முனையில் வந்து நிற்கும். அதற்குள் மெர்சி சோறு வடித்து, முந்தின நாள் குழம்பைச் சுடவைத்து, தூக்குவாளியில் தனக்கும் டிபன் டப்பாவில் மகளுக்கும் போட்டு மூடி, "ஏஞ்சலு, ஏந்திரி, மணி அஞ்சாயிடுச்சி" என்று இரண்டு முறை கத்திவிட்டு ஓடுவாள். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் மதியம் இரண்டிலிருந்து இரவு பத்து. ஒன்பது வருஷமாக இப்படித்தான். கார்களுக்குப் போகிற ரப்பர் வளையங்களை அச்சிலிருந்து எடுத்து மேஜைமேல் கொட்டுவார்கள். ஓரத்தில் நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சின்ன பிளேடால் அறுத்து, டியூப்லைட்டுக்கு எதிரே திருப்பிப் பார்த்து, ஓட்டை கீறல் இருந்தால் சிவப்புக் கூடையிலும் இல்லாவிட்டால் பச்சைக் கூடையிலும் போட வேண்டும். நின்றபடியேதான் வேலை. வீட்டுக்கு வந்து எத்தனை தேய்த்தாலும் கையிலிருந்து கருகின ரப்பர் வாசனை போகாது. சோற்றைப் பிசைந்தால் சோறும் அதே வாசனை அடிக்கும்.

அவளுடைய அப்பா அம்மா காலம்வரை கழனி வேலை. இப்போது அந்தப் பக்கத்தில் நாற்று நட ஆள் தேடினால் கிடைக்காது. காலனியில் ஆணும் பெண்ணும் கழுத்தில் ஐடி கார்டு தொங்க பஸ் ஏறுகிறார்கள். புருஷன் எபினேசருக்குக் காக்களூரில் ஒரு பட்டறையில் தகடு அடிக்கிற பிரஸ் மிஷின் ஓட்டுகிற வேலை. அங்கேயே நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை விடியலில் போவான்.

ஒரே மகள் ஏஞ்சலின். கும்முடிப்பூண்டி போகிற ரோட்டில் இருக்கும் மெட்ரிக்குலேஷன் பள்ளியில் பத்தாவது. தமிழ், சமூக அறிவியல் எல்லாம் தட்டிக்கொட்டி வந்துவிடும். கணக்குதான் அவளைக் கண்டாலே கடித்தது. ஜூலையில் நடந்த முதல் பரீட்சையில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கினாள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டபோது மெர்சிக்குக் கோபம்கூட வரவில்லை.

"இன்னாடி இது, பதினொண்ணு?"

"எனக்குத் தெர்லம்மா. மிஸ்ஸு போர்டுல போடறப்ப புரியற மாரி கீது. நானா போட்டா வர்ல."

பத்தாவதில் தேறாதவர்களைப் பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று மெர்சிக்குத் தெரியும். அந்தப் பள்ளி வாசலில் வருஷாவருஷம் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் கட்டுவார்கள். பேனர் கெடுமென்று தோன்றுகிற பிள்ளைகளைப் பொதுத்தேர்வுக்கு முன்பே டிசி கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. கணக்கில் பின்தங்கியவர்களுக்குச் சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறேகால்வரை பள்ளியிலேயே தனி வகுப்பு நடந்தது. ஆனால் ஊருக்கு வருகிற பஸ் நாலு ஐம்பதுக்கு. அதை விட்டால் வேறு பஸ் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மெர்சி மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் போனாள். பள்ளியில் ஏஞ்சலினுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிற வினோதா மிஸ்ஸின் வீடு அங்கேதான். தனி வகுப்பை வேறொரு சார் எடுத்ததால் அவளும் நாலு ஐம்பது பஸ்ஸிலேயே ஊர் திரும்பிவிடுவாள். காலனியிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். மிஸ்ஸின் அப்பா முனிகிருஷ்ணன் பக்கவாதம் வந்து ஒரு கை விளங்காமல் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். அம்மா இல்லை. முப்பது வயதாகியும் வினோதாவுக்குக் கல்யாணமாகவில்லை.

மெர்சி வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வாங்கக்கா. ஏஞ்சலின், வா, அந்தச் சேர்ல உட்காரு."

"இருக்கட்டும் மிஸ். ஒரு விசயம் கேட்டுட்டுப் போலாம்னுதான்... ஸ்பெஷல் கிளாஸ்ல வுடலாம்னா பஸ் போயிடுது மிஸ். ஷேர் ஆட்டோ ரொம்பற வரிக்கும் மெயின் ரோட்டுல நிக்கணும். லாரிங்களா போவுது. கம்பெனி ஷெட்டு போடற இடத்துல எவ்ளோ வெளியூர் ஆளுங்க. வயசுக்கு வந்த பொண்ண எப்டி வுடறது? நான் ரெண்டு மணி ஷிப்ட்ல கீற வாரம் போய் இட்டுகினு வரவும் முடியாது."

"தெரியும்க்கா. நானும் அந்த ரோட்டுல நடந்துதான் படிச்சேன்."

"நீங்களே ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தீங்கன்னா... இன்னா டப்பு கேக்குறீங்களோ குடுத்துடறேன்."

வினோதா அப்பாவைப் பார்த்தாள். முனிகிருஷ்ணன் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பி, "பசங்களுக்குச் சொல்றதுக்கு டப்பு எதுக்கு?" என்று குழறினார். வினோதா சிரித்தாள்.

"நைனா சொல்றதுதான். பணமெல்லாம் வேணாம்க்கா. தெனம் ஆறு மணிக்கு அனுப்புங்க. ஒண்ணே ஒண்ணு, இங்க வர்றத யார்கிட்டயும் சொல்லிகினு இருக்க வேணாம்."

சொன்னால் ஊர்ப்பிள்ளைகள் எல்லாரும் வந்து குவிந்துவிடுவார்கள், பாவம் படுத்த படுக்கையாக ஒருத்தரை வைத்துக்கொண்டு இந்தப் பெண் எத்தனை பேரைக் கட்டி மேய்க்கும் என்றுதான் மெர்சி நினைத்துக்கொண்டாள். கிளம்பும்போது வினோதா டீ கொண்டுவந்தாள். அப்பாவுக்கும் அவர்களுக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர். மெர்சி அதைக் கவனித்தாள். அந்தத் தெருவில் அவளுடைய அம்மாவுக்கு யாரும் அப்படிக் கொடுத்ததில்லை.

முதல் வாரத்திலேயே வினோதா நோயைக் கண்டுபிடித்துவிட்டாள். ஏஞ்சலினுக்குப் பத்தாவது கணக்கு தெரியாததில் ஆச்சரியமில்லை, அவளுக்கு நாலாவது கணக்கே தெரியாது. நாலாவதும் ஐந்தாவதும் கொரோனாவில் போனது. போனில் பாடம் நடந்தது. வீட்டிலிருந்த ஒரே நல்ல போன் காக்களூரில் எபினேசர் சட்டைப்பையில் இருந்தது. பின்னம் என்றால் என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லவே இல்லை. அதற்கப்புறம் வருஷாவருஷம் மேலே மேலே கட்டிக்கொண்டே போனார்கள்.

வினோதா ஒரு தோசையை எட்டாக வெட்டிக் காட்டுவதிலிருந்து ஆரம்பித்தாள். ஏஞ்சலின் வீட்டுக்கு வந்து வெட்டின தோசையின் கதையைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சோறு தின்னும்போது அப்பளத்தை உடைத்து, "இது மூணுல ஒண்ணும்மா" என்றாள். ஒரு சனிக்கிழமை மெர்சி மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, தொழிற்சாலையில் மணிக்கு எத்தனை வளையம், எட்டு மணி நேரத்துக்கு எத்தனை, அதில் நூற்றுக்கு மூன்று கழிந்தால் மிச்சம் எத்தனை என்று வாயாலேயே சொன்னாள். மெர்சி மகளின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றதில் பஸ் போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் போனாள், அரை மணி நேரச் சம்பளத்தைப் பிடித்தார்கள். அது அவளுக்கு உறைக்கவே இல்லை.

பணம் வாங்காத இடத்தில் வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் நின்ற முருங்கையில் கீரை ஒடித்து அனுப்புவாள். பழவேற்காட்டிலிருந்து டிவிஎஸ்ஸில் மீன் கொண்டுவருகிறவன் வந்தால் இறால் வாங்கி, உரித்து, தொக்கு பண்ணிச் சின்ன டப்பாவில் கொடுத்துவிடுவாள். "மிஸ்ஸோட நைனா நக்கி நக்கித் தின்னாரும்மா" என்று ஏஞ்சலின் வந்து சொல்லுவாள்.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. ஏஞ்சலின் கணக்கில் நாற்பத்தாறு வாங்கினாள். அந்தத் தாளை மெர்சி மடிக்காமல் பைபிளுக்குள் வைத்தாள்.

லீவு முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். மெர்சி பெர்மிஷன் போட்டுவிட்டு யூனிபார்மோடே போனாள். மைக்கில் யாரோ பேசினார்கள். கடைசியில் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்து, நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். 'கூடுதல் கல்வி உதவி மற்றும் தனிப் பயிற்சிக்கான பள்ளி விதிமுறைகள்' என்று மேலே தமிழில் இருந்தது. பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் இங்கிலீஷ். முன்பக்கத்தில் கட்டங்கள். மாணவர் பெயர், வகுப்பு. பள்ளியின் தனி வகுப்புக்கு வருகிறாரா? இல்லையென்றால் காரணம். வெளியில் ட்யூஷன் உண்டா? ஆசிரியர் பெயர். கட்டணம். அடியில், 'மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்.'

மெர்சி எட்டாவது படித்தவள். தமிழை நன்றாகவே எழுதுவாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்ற கிளார்க்கைக் கேட்டாள்.

"இதுல இன்னா சார் போட்டுகீது?"

"எல்லாம் ரூல்ஸும்மா. நீங்க முன்னாடி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சீக்கிரம், லைன் நிக்குது."

ஆசிரியர் பெயர் என்ற கட்டத்தில் அவள் பேனா ஒரு கணம் நின்றது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மிஸ் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் இது யாரோ அல்ல, மிஸ்ஸின் சொந்தப் பள்ளிக்கூடம். உண்மை என உறுதி கூறுகிறேன் என்று வேறு போட்டிருக்கிறது. இப்படியொரு நல்ல மனுஷி தங்களிடம் வேலை செய்கிறாள் என்று இவர்களுக்கும் தெரியட்டுமே என்றும் தோன்றியது. 'வினோதா மிஸ், இந்தப் பள்ளி' என்று அழகாக எழுதினாள். கட்டணத்தில், 'பணம் வாங்குவதில்லை. நான்தான் கீரை, எறா தொக்கு கொடுப்பேன்' என்று எழுதினாள்.

நாலாம் நாள் சாயங்காலம் ஆறு மணி தாண்டியும் ஏஞ்சலின் கிளம்பாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி, போவலியா?"

"மிஸ்ஸ நிறுத்திட்டாங்க."

"யாரு?"

"ஸ்கூல்ல. நீ பேர எழுதிக் குடுத்தியாமே. எறா தொக்குன்னெல்லாம் எழுதினியாமே. பிரின்சிபல் படிச்சிட்டு சிரிச்சாங்க. கிளார்க் சார்லாம் சிரிச்சாரு." அவள் குரல் உடைந்தது. "கொஸ்டின் பேப்பர் போட்டதே மிஸ்தானாம். எனக்கு முன்னாடியே காட்டிட்டாங்களாம். என்னை ஆபீஸ் ரூம்ல தனியா ஒக்கார வெச்சி வேற பேப்பர் குடுத்தாங்க."

"போட்டியா?"

"எதிர்ல நாலு பேரு நின்னுகினு பாத்துகினே கீறாங்கம்மா. போன் அடிக்குது. எழுதினதையே அடிச்சி அடிச்சி எழுதறேன். எனக்குத் தெரிஞ்ச கணக்குதான். ஒம்போது மார்க்கு."

மெர்சி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுப்பில் வைத்த உலை கொதித்து வழிந்து ஸ்டவ் அணைந்தது. கேஸ் வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து நேரே வினோதா வீட்டுக்குப் போனாள். வினோதா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மெர்சி அவள் காலைத் தொடக் குனிந்தாள். வினோதா பதறிப் பின்னால் நகர்ந்தாள்.

"அய்யோ, இன்னாக்கா இது. ஏந்திரிங்க."

"எனக்குத் தெரியாது மிஸ். சத்தியமா தெரியாது. நல்லதுன்னு நெனச்சி எழுதிட்டேன்."

"தெரியும்க்கா. பின்னாடி இங்கிலீஷ்ல போட்டிருந்தாங்க இல்ல, அதுலதான் எல்லாம் கீது. தான் சொல்லிக் குடுக்கற கிளாஸ்ல படிக்கிற பசங்களுக்கு எந்த டீச்சரும் வெளிய ட்யூஷன் எடுக்கக் கூடாது. பணமாவும் கூடாது, பொருளாவும் கூடாது. தப்பான ரூல் ஒண்ணும் இல்லக்கா. ட்யூஷன் வந்தாதான் மார்க்குன்னு கேக்குற டீச்சருங்க கீறாங்க. அவுங்களுக்காகப் போட்டது. அதுல நான் மாட்டிக்கினேன்."

"சும்மாதான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்றதுதான?"

"சொன்னேன். எறா தொக்கு பொருள்தானேன்னாங்க."

உள்ளேயிருந்து முனிகிருஷ்ணன் ஏதோ கூப்பிட்டார். வினோதா போய் அவரைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வந்தாள்.

"அக்கா, ஒரு உதவி பண்ணுங்க. ஊத்துக்கோட்டையில ஒரு ஸ்கூல்ல கணக்குக்கு ஆள் கேக்குறாங்க. இவுங்க எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட்டு குடுத்தா சேத்துப்பாங்க. மோசமா ஒண்ணும் எழுதாம குடுத்தாப் போதும். நீங்க ஒருதடவை பிரின்சிபலப் பாத்து, வினோதா எங்ககிட்ட பணம் வாங்கல, கொஸ்டின் காட்டலன்னு மட்டும் சொல்லுங்க. பேரண்ட்டே வந்து சொன்னா நம்புவாங்க."

"நாளைக்கே போறேன் மிஸ். அந்தம்மா கால்ல வுழுந்தாவது சொல்றேன்."

மறுநாள் போக முடியவில்லை. புயல் சின்னம் என்று மூன்று நாள் விடாத மழை. ஏரி நிரம்பி ரோட்டைத் தாண்டியது. கம்பெனிக்காரன் மட்டும் பஸ்ஸை அனுப்பிக்கொண்டே இருந்தான். நாலாம் நாள் பள்ளி திறந்ததும், மெர்சி நனைந்த புடவையோடு பிரின்சிபல் அறைக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் நின்றாள்.

பிரின்சிபல் அம்மா சத்தம் போடுகிறவர் அல்ல. உட்காரச் சொன்னார்.

"சொல்லுங்கம்மா."

"மேடம், அந்த மிஸ்ஸு பணம் எதுவும் வாங்கல மேடம். பேப்பரும் காட்டல. எம் பொண்ணு நெஜமாவே படிச்சிதான் வாங்கினா. வூட்ல அப்பளத்தக்கூட ஒடச்சி ஒடச்சி கணக்கு சொல்லுவா மேடம்."

"நாற்பத்தாறு எடுத்த பொண்ணு எப்படிம்மா ஒரே மாசத்துல ஒன்பது எடுக்கும்?"

"பயந்துட்டா மேடம்."

"பப்ளிக் எக்ஸாம்லயும் எதிரே ஆள் நிப்பாங்க. அங்கேயும் பயந்தா?" அவர் ஒரு தாளை நகர்த்தி வைத்தார். "நான் உங்க பொண்ணுக்கு எதிரி இல்லம்மா. தனி வகுப்புக்கும் வரல, மார்க்கும் இல்ல. இந்த நிலைமையில டிசி வாங்கிட்டுப் போய் அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதச் சொல்றதுதான் வழக்கம்."

"மேடம்!"

"இருங்க, முடிக்கிறேன். ட்யூஷன் விஷயத்துல உங்க மேலயோ பொண்ணு மேலயோ தப்பு இல்லைன்னு ஆச்சுன்னா நான் மேனேஜ்மெண்ட்கிட்ட பேச முடியும். வினோதா தானா கூப்பிட்டு, மார்க் வரும்னு சொல்லி, உங்ககிட்ட பொருள் வாங்கினாங்கன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. உங்க பொண்ணு இங்கேயே பப்ளிக் எக்ஸாம் எழுதலாம். ஹால் டிக்கெட்டுக்கு நான் பொறுப்பு."

"அப்டி எழுதினா அந்தப் பொண்ணுக்கு வேற எங்கயும் வேல கெடைக்காதே மேடம்."

"அவங்க ரூல் தெரிஞ்சே மீறினவங்க. நீங்க தெரியாம மாட்டினவங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

மெர்சி வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்று புருஷனுக்குப் போன் போட்டாள். பின்னால் பிரஸ் மிஷின் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்ததால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"எழுதிக் குடுத்துடு" என்றான் எபினேசர்.

"இன்னாயா இப்டி சொல்ற. அது நமக்கு எவ்ளோ செஞ்சிது."

"செஞ்சிது, நான் இல்லன்னு சொல்லல. அதான் வேலய வுட்டு தூக்கிட்டாங்களே. நீ எழுதலன்னா மறுபடி சேத்துக்கப் போறாங்களா? அவுங்க டிகிரி படிச்சவங்க, எங்கியாவது பொழச்சிக்குவாங்க. நம்ப பொண்ணு பத்தாவது இல்லன்னா இன்னா பண்ணும்? ஒன்னோட வந்து பிசிறு அறுக்குமா?"

"பொய்யி எழுதச் சொல்றாங்கயா."

"மொத நெஜத்த எழுதினியே, இன்னா ஆச்சு?"

மிஷின் சத்தம் கொஞ்ச நேரம் காதில் அடித்தது. அவன் வைத்துவிட்டான்.

கிளார்க் சொல்லச் சொல்ல மெர்சி எழுதினாள். 'எங்கள் அறியாமையைப் பயன்படுத்தி' என்ற இடத்தில் பயன்படுத்திக்கு இரண்டு சுழி னவா மூன்று சுழி ணவா என்று கேட்டாள். அவர் சொன்னார். கையெழுத்துப் போட்டாள். மழை நின்று வெயில் எரிக்கிற மாதிரி அடித்தது. பஸ்ஸில் ஏறி ஊரில் இறங்கினாள். வினோதா வீட்டுப் பக்கம் போகாமல், ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு சேற்றில் நடந்து காலனிக்கு வந்தாள். லெட்டர் விஷயத்தை மகளிடம் சொல்லவில்லை. "மேடம் ஒத்துக்கினாங்க, நீ அங்கியே படிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

"மிஸ்ஸப் பத்தி சொன்னியாம்மா?"

"சொன்னேன்."

ஏஞ்சலின் டிசம்பர்வரை போனாள். கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள். பரீட்சை என்றால் அவளை மட்டும் டீச்சர் மேஜைக்கு எதிரில் உட்கார்த்தினார்கள். அரையாண்டில் கணக்குத் தாளில் பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்தாள். பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய காலையில் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. அன்று மெர்சிக்கு மதிய ஷிப்ட். கையைப் பிடித்துத் தரதரவென்று பஸ் நிற்கிற இடம்வரை இழுத்துக்கொண்டு போனாள். ஏஞ்சலின் ரோட்டுப் புழுதியில் யூனிபார்மோடு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏந்திரிடி. பஸ் வருது."

"ஒம்போதுன்னு கூப்புடறாங்கம்மா. எம் பேரே அதான். பசங்க மட்டுமில்ல, புது சார்கூட. 'ஒம்போது, நீ சொல்லு'ன்றாரு."

"மூணு மாசம்டி. பல்லக் கடிச்சிக்கோ. உனக்கு வோணும்னு எவ்ளோ பண்ணிகீறேன் தெரியுமா?"

"இன்னா பண்ணின?"

பஸ் வந்து நின்றது, போனது. அவள் புழுதியைத் தட்டாமலே வீட்டைப் பார்த்து நடந்தாள். மெர்சி அவளை அடித்தாள். சர்ச்சுக்குக் கூட்டிப்போய் ஜெபம் பண்ணவைத்தாள். எபினேசர் வந்து கெஞ்சினான், புதுப் போன் வாங்கித் தருவதாகச் சொன்னான். ஒன்றும் நடக்கவில்லை. பிரின்சிபல் அம்மா வாக்குத் தவறவில்லை. மார்ச்சில் ஹால் டிக்கெட்டைத் தபாலிலேயே அனுப்பிவைத்தார். அது பரீட்சை நாளன்று டிவி மேல் கிடந்தது. ஏஞ்சலின் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து, பரீட்சை வேறு யாருக்கோ என்பது போல, கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

மே மாதம் பள்ளி வாசலில் பேனர் கட்டினார்கள். பரீட்சை எழுதியவர்கள் எல்லாரும் பாஸ்.

ஜூன் இரண்டாவது வாரம். கத்திரி போயும் வெயில் இறங்கவில்லை. தகர ஷெட்டுக்குள் நின்றால் உள்ளங்காலில் சூடு ஏறும். காலை ஷிப்டில் சூப்பர்வைசர் மெர்சியைக் கூப்பிட்டான்.

"மெர்சிக்கா, ஒரு புது லேடி. காண்ட்ராக்டுல வந்துகீறாங்க. உன் டேபிள்ல நிறுத்தி சொல்லிக் குடு. படிச்சவங்களாம், சீக்கிரம் புடிச்சிக்குவாங்க."

நீலக் கோட்டுப் போட்டு, தலைக்கு வலை கட்டிக்கொண்டு வினோதா நின்றாள். மெலிந்து கன்னம் ஒட்டியிருந்தது.

"மிஸ்" என்றாள் மெர்சி.

"எதுலேர்ந்து எடுக்கணும்க்கா? இந்தக் குவியல்லேர்ந்தா?"

"மிஸ், நீங்க இங்க..."

"நைனா மாசியில போயிட்டாரு. ஊட்ல தனியா இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு ஒரு வளையத்தை எடுத்தாள். "இந்த ஓரத்தத்தான் அறுக்கணுமா?"

மெர்சி சொல்லிக் கொடுத்தாள். பிளேடைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், கட்டை விரலில் டேப் சுற்றிக்கொள்ள வேண்டும், வளையத்தைத்தான் திருப்ப வேண்டும், கையைத் திருப்பக் கூடாது. வினோதா சொன்னதைச் சொன்னபடி செய்தாள். ஒருமுறைக்கு மேல் கேட்கவில்லை. பத்து மணிக்குள் விரலில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டாள். நாஷ்டா மணி அடித்ததும் இருவரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். மெர்சி தன் தூக்கைத் திறந்து நகர்த்தினாள். வினோதா கேண்டீன் பொங்கலை மட்டும் தின்றாள்.

"மிஸ், நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்ல வேணாம்க்கா. அந்த லெட்டர எனக்குக் காட்டினாங்க. ஊத்துக்கோட்டைக்கும் ஒரு ஜெராக்ஸ் அனுப்பினாங்க. நைனா ஒருத்தருதான் கடைசி வரிக்கும் நம்பல. அந்தப் பொண்ணு எழுதியிருக்காது, அது தொக்கு குடுத்த பொண்ணாச்சேன்னு சொல்லிகினே இருந்தாரு."

மெர்சி தலையைக் குனிந்துகொண்டாள். தூக்கை மூடிவைத்தாள்.

"என்னை மன்னிச்சிடுங்க மிஸ்."

"மிஸ்ஸுன்னு கூப்புடாதீங்க. இங்க எல்லாரும் ஒரு மாரி பாக்குறாங்க."

மணி அடித்தது. திரும்பப் போய் நின்றார்கள். மெர்சி பச்சைக் கூடையில் போட்டுக்கொண்டே காத்திருந்தாள். எப்போதாவது அந்தக் கேள்வி வரும், ஏஞ்சலின் எப்படி இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று. திட்டினால்கூடப் பரவாயில்லை, அந்தப் பெயரை ஒருமுறை சொன்னால் போதும். பன்னிரண்டு மணியானது, ஒன்றரையானது. வினோதா வளையத்தைத் திருப்பினாள், அறுத்தாள், வெளிச்சத்தில் பார்த்தாள், போட்டாள். இரண்டு மணிக்குக் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, பஸ்ஸில் முன்பக்கம் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஊர் முனையில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டில் ஏஞ்சலின் தலை வாராமல், டிவியை ஊமையாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெர்சி முகம் கழுவினாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் நாளைக்குப் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாவோ யாரோ பஸ்ஸில் பார்த்துவிட்டு வந்து சொல்லத்தான் போகிறார்கள்.

"உங்க மிஸ்ஸு எங்க கம்பெனியில சேந்துகீறாங்க."

ஏஞ்சலின் சட்டென்று திரும்பினாள். "வினோதா மிஸ்ஸா?"

"ஆமா. என் டேபிள்தான்."

"பிசிறு அறுக்குறாங்களா?"

"ம்."

அவள் மறுபடி ஊமை டிவியைப் பார்த்தாள். பிறகு, கேட்கப் பயந்தவள் போல மெதுவாகக் கேட்டாள்.

"என்னைப் பத்திக் கேட்டாங்களாம்மா?"

மெர்சி அரிசியை அளந்து பாத்திரத்தில் போட்டாள். மகள் முகத்தைப் பார்த்தாள். ஐந்து மாதமாக அந்த முகம் எதையும் கேட்டதில்லை.

"கேட்டாங்க. ஏஞ்சலு எப்டி கீறா, நல்லாகீறாளான்னு கேட்டாங்க."

"நெஜமாவா? இன்னும் இன்னா சொன்னாங்க?"

"அவ்ளோதான். வேல நேரமாச்சே."

ஏஞ்சலின் எழுந்து நின்றாள். டிவியை அணைத்தாள். அலமாரியில் சீப்பைத் தேடி எடுத்து, கண்ணாடிக்கு முன்னால் போய்ச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். சிக்கு வலித்தபோது முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தாள்.

"எம்மேல கோவமா இருப்பாங்கன்னு நெனச்சிகினு இருந்தேம்மா. அதான் அந்தப் பக்கமே போவல. இப்போ ஊட்லதான இருப்பாங்க? நான் போய்ப் பாத்துட்டு வரட்டா?"

மெர்சி குழாயைத் திறந்தாள். தண்ணீர் பாத்திரம் நிறைந்து வழிந்து, அரிசி நாலு நாலாகச் சாக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"யம்மா, சொல்லு. போயிட்டு வரட்டா?"